சந்தனம் வைத்த விரல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டிலும் ஆபீசிலும் அந்தப் பெயரை வாங்கி வெகுகாலமாயிற்று. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு இடம் தராத ஒருவரோடு ஹட்டனில் தொடங்கிய சண்டையைத் தலவாக்கலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவள் நான். அந்தக் கோபங்களெல்லாம் வீடு வந்து பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்தால் போய்விடும். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், ஒரு சந்தனப் பொட்டால் வந்த கோபம் மட்டும் எத்தனை பிளேன்டீக்கும் அடங்கவில்லை. எழுதிப் பார்த்தாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

சின்ன உற்பத்தியாளர்களிடம் ‘ஸ்மார்ட்’ தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. என் பதவிக்கு ஆபீஸ் வைத்திருக்கும் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அம்மா கேட்டபோது, “மெசினுக்கு வாய் வெக்கிற வேலம்மா. அதுக்கு என்னா ஆகுதுன்னு அதுவே சொல்லிரும்” என்றேன். “ஒனக்கு இருக்கிற வாய் பத்தாதுன்னா அதுகளுக்கும் வெக்கிற?” என்றார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கியவர். வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஐந்து பேரை அடக்கி ஆண்ட நாக்கு அது. என் வாய் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பெரிய கம்பெனிகளின் தொழிற்சாலைகளில் கணினியும் சென்சரும் வந்து எவ்வளவோ காலமாகிறது. சின்னவர்கள் இன்னும் தாத்தா காலத்து இரும்போடு மல்லுக்கட்டுகிறார்கள். நுவரெலியாவில் ஜேம் போடுகிறவர், இறம்பொடையில் மசாலா அரைத்துப் பைக்கட் கட்டுகிறவர், சின்னத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்கிறவர் என்று இவர்களுக்கெல்லாம் ஒரு திட்டத்தின் கீழ் கருவிகள் கொடுப்பார்கள். கொண்டுவந்து பூட்டுவது கருவி விற்கும் கம்பெனி. ஆட்களைப் பழக்குவது நான். இந்த வேலையை நம்பித்தான் செய்தேன், இன்றைக்கும் நம்புகிறேன். பெரியவன் கையில் இருக்கிற வசதி சின்னவன் கைக்கும் வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் ஆத்திரமெல்லாம் அதைக் கொண்டுவருகிறவர்கள் நடந்துகொள்கிற விதத்தின் மேல்தான்.

அந்தத் தொழிற்சாலை ரோட்டுக்குக் கீழே, ஒரு வளைவில் இருந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தகரக் கூரையும் புகையும்தான் தெரியும். முதலாளியின் குடும்பம் ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். ஒரு கம்பெனி கைவிட்டுப் போன கட்டிடத்தை வாங்கி, மறுபடி அதில் புகை வரவைத்தவர் இவர். நல்ல மனிதர்தான். வேலையாட்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஆனால் டை கட்டிய யாரைக் கண்டாலும் எழுந்து நின்றுவிடுவார். பேங்க் மேனேஜருக்கும் எழும்புவார், இன்சூரன்ஸ் விற்க வந்தவருக்கும் எழும்புவார்.

தேயிலை செய்வதில் முதல் காரியம் கொழுந்தை வாட்டுவது. மேல்மாடியில் நீள நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவார்கள். வெயில் நாளில் வெறும் காற்று போதும், மழை நாளில் சூட்டுக் காற்று வேண்டும். வாட்டம் குறைந்தால் கொழுந்தை நசுக்கும் ரோலருக்குப் போனதும் கூழாகிவிடும், கூடினால் பொடிந்துவிடும். நாங்கள் கொண்டுபோன சென்சர் கட்டைவிரல் பருமன்தான். மாடிக்கு நடுவில், தொட்டிகளுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நுனியில் வெள்ளையாக ஒரு குமிழும், குமிழில் பொடி வலையும் இருக்கும். அந்த வலை வழியாகத்தான் அது காற்றின் ஈரத்தை அறியும். ஈரம் கூடினால் சூட்டுக் காற்றைத் தானே திறந்துவிடும், குறைந்தால் தானே மூடிவிடும். அது வந்த பிறகு மாடியில் மூன்று பேர் எதற்கு என்று, அவர்களில் இரண்டு பேரைக் கீழே தூள் சலிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சியது ஓர் அக்கா.

அந்த அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அடக்க ஒடுக்கம் என்று எதுவும் அவரிடம் கிடையாது. சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகச் சண்டை போடுவார், டிக்டொக்கில் ஆடுவார். பழக்க வந்த முதல் நாளே என்னிடம், “நான் மட்டும் படிச்சிருந்தேன்னா ஒங்க எடத்துல நான் நின்னிருப்பேன் மிஸ், ஒங்களுக்கு நான் சொல்லிக் குடுத்திருப்பேன்” என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடை பூட்டு என்று சொல்வது போல் ஒரு தகவலாகச் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

திரையில் இங்கிலீசும் சிங்களமும்தான் வரும். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அத்தனை பேரும் தமிழ். தமிழையும் போடுங்கள் என்று நான் கேட்காத நாள் இல்லை. “எண்தானே மிஸ் வருது, எண்ணுக்கு என்ன பாஷை?” என்றது கருவிக் கம்பெனி. சரி என்று, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற குறிப்புகளை நானே உட்கார்ந்து தமிழில் எழுதி நுவரெலியா ஆபீசில் கொடுத்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். அது அங்கேயே படுத்துத் தூங்கியது. அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காற்றின் ஈரத்துக்குத் திரையில் வருகிற ஆர், எச் என்ற இரண்டு இங்கிலீஸ் எழுத்துகளையும் சேர்த்து ஓர் ஆளாகவே ஆக்கிவிட்டார். “இன்னைக்கி ஆரெச்சு மொறைச்சுக்கிட்டு நிக்கிறாரு மிஸ், மழ வரப்போவுது” என்பார். முதலாளிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு மாடிக்கு அவரையே சூப்பவைசராகப் போடுவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்களில் ஒருவரை அந்தத் தொழிற்சாலையில் அதுவரை அப்படிப் போட்டதில்லை. லயத்தில் எல்லோரும் ‘சூப்பவைசரம்மா’ என்று கேலி பண்ணத் தொடங்கினார்கள். கூப்பிட்ட எல்லோருக்கும் அக்கா கையை ஆட்டிக்கொண்டே போனார்.

புரட்டாசி கடைசியில் ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அன்றைக்கு மெசின் ஓடாது. கழுவித் துடைத்து, மாலை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எந்த மெசினுக்கு நெற்றி எங்கே என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரோலருக்கு மூடியின் மேல், அடுப்புக்குக் கதவுக்கு மேல், தராசுக்கு முள்ளுக்கு நேரே மேலே, லொறிக்குக் கண்ணாடிக்குக் கீழே. யாரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு திருகாணிச் சாவியை விட்டாலும் வருசம் முழுக்க அது கோபித்துக்கொள்ளும். புதிதாக வந்ததற்கு இன்னும் கூடுதல் மரியாதை. அந்த வருசம் புதிதாக வந்தது சென்சர்.

நான் அன்றைக்கு இறம்பொடையில், மசாலாக்காரர் வீட்டுப் பூசையில் இருந்தேன். திம்புள்ளத் தொழிற்சாலைக்கு யார் போயிருந்தார்கள் என்றால், எங்கள் திட்டத்துக்கே தலைவரான பணிப்பாளர். கொழும்பிலிருந்து வந்த தமிழர், பெரிய படிப்பு. பாரம்பரியமும் தொழில்நுட்பமும் கை கோத்து நிற்கிற மாதிரி நாலு படம் வேண்டும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தே வந்தார். கூடவே கருவிக் கம்பெனியின் இன்ஜினியரும். நடந்ததை அங்கே இருந்த ஒவ்வொருவரும் எனக்குப் பிறகு சொன்னார்கள், ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் வித்தியாசமே இல்லை. பெரிய மனிதர் வந்தால் முதல் பொட்டை அவர் கையால் வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். மாடியில் சென்சருக்கு முன்னால் அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பணிப்பாளர் மூன்று விரலால் சந்தனத்தை வழித்து எடுத்தார். “எங்க வைக்கிறது?” என்று கேட்டார். “நெத்தியில வைங்க சார்” என்றார் அக்கா. முகம் மாதிரி இருந்தது அந்த வெள்ளைக் குமிழ்தான். படத்தில் நன்றாகத் தெரியவேண்டும் என்று அவர் தாராளமாகவே அப்பினார். கூட்டம் கை தட்டியது. அங்கே நின்றவர்களில் அந்த வலை எதற்கு இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் இன்ஜினியர். அவரும் கை தட்டினார். பிறகு சுண்டல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் நல்ல மழை. கொழுந்து வந்து மாடி நிறைந்தது. வலைக்குள் சந்தனத்தின் ஈரம் அடைத்துக்கொண்ட சென்சர், காற்றில் ஈரம் தாங்க முடியவில்லை என்று திரையில் சொன்னது. வெளியே மழை பெய்யும்போது அதை யார் சந்தேகப்படுவார்கள்? அது சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டது, மூடவே இல்லை. அன்று சாயந்தரம் அனுப்ப வேண்டிய சரக்கு மிஞ்சிக் கிடந்ததால், மாடியை மெசின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி முதலாளி அக்காவையும் கீழே சலிக்க இறக்கியிருந்தார். காலையில் போய்ப் பார்த்தபோது தொட்டி தொட்டியாகக் கொழுந்து அப்பளம் போல் நொறுங்கியது. அத்தனையும் வீண்.

எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் இன்ஜினியர் வந்திருந்தார். சென்சரைக் கழற்றி முதலாளியின் மேசையில் வைத்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “பாருங்க, இதத்தான் பூசியிருக்கிறாங்க” என்றார். பூசியிருக்கிறாங்க! பக்கத்தில் நின்று கை தட்டிய வாய் அது. முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பூசை நடந்த விதம் தெரியாது. ஆகவே, “யார் வெச்சது?” என்று கேட்டேன். வாசலில் நின்ற அக்கா, “நாந்தான் மிஸ்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே மழையைப் பார்த்தார்.

அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. பணிப்பாளர் போனில் முதலாளியோடு பேசினார். முதலாளி நின்றுகொண்டே கேட்டார். அந்தப் பெண்ணை இனிக் கருவிப் பக்கம் விடவேண்டாம் என்பது ‘ஆலோசனை’. அடுத்த கட்டத்தில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கும் புதுக் கருவி தருவதாக இருந்தார்களே, அதைக் கொடுப்பதா இல்லையா என்று ‘யோசிக்கவேண்டும்’. அந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்துச் சொன்னால் மூன்றாவது வாக்கியம் தேவையில்லை. அடுத்த நாள் காலையிலிருந்து அக்கா கையில் விளக்குமாறு.

சில நாள் கழித்து லயத்துக்குப் போகிற படியில் அவரைப் பிடித்தேன். அதற்குள் சலிக்கிற பெண்கள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். “அக்கா, நீங்க வெக்கவே இல்லியாமே. எதுக்கு ஒங்க தலையில அள்ளிப் போட்டுக்கிட்டீங்க?” என்று கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன், மேலே ரோட்டில் போன ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“கத்தாதீங்க தங்கச்சி” என்றார். அதுவரை மிஸ் என்றவர் அன்றைக்குத்தான் தங்கச்சி என்றார். “நான் என்னா சொல்லணும்? பெரிய சார் வெச்சாருன்னா? அந்த சார் மொகம் செத்துப் போகும். அப்பறம் அடுப்புக்கு மெசின் குடுப்பாரா? அது வரலேன்னா இந்த பெக்டரி எத்தன நாளைக்கு ஓடும்? எல்லாரும் மறுபடி விடியக்காலையில தோட்டத்துப் பெரட்டுல பேர் குடுத்துட்டுக் கொழுந்து பறிக்கப் போகணும். இந்தக் காலு முட்டிய வெச்சுக்கிட்டு நான் மலை ஏறுறேனா?”

“அப்ப சூப்பவைசர் வேல?”

அவர் சிரித்தார். அவருடைய வழக்கமான சிரிப்பில் பாதிகூட இல்லை. “லயத்துல இப்ப யாரும் அப்படிக் கூப்பிடுறதில்ல. கேலி பண்ணக்கூட மாட்டேங்கிறாங்க. அதுதான் தாங்க முடியல தங்கச்சி.”

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு இதே நினைப்புத்தான். ஒரு மனுசி தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் கைக்கு எட்டின ஒன்றை, ஓர் அதிகாரியின் முகம் வாடக்கூடாதே என்பதற்காகக் கீழே வைத்துவிட்டு வருகிறார். அந்த அதிகாரிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது. மலையகத்தில் நாங்கள் எத்தனை காலமாகப் பெரிய மனிதர்களின் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறோம்! எங்கள் முகத்தை யார் காப்பாற்றினார்கள்?

கொஞ்ச நாள் கழித்து நுவரெலியாவில் மீளாய்வுக் கூட்டம் நடந்தது. குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம், கண்ணாடி ஜன்னல், வெளியே பூப்போட்ட குடைகள். ஒவ்வொரு தொழிற்சாலையாகத் திரையில் காட்டினார்கள். திம்புள்ளத் தொழிற்சாலையின் முறை வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘யூசர் எரர்’ என்று போட்டிருந்தது. அதாவது, பாவிக்கிறவரின் பிழை. பணிப்பாளர் எழுந்து வந்து விளக்கினார். “எங்கட சனத்திட பக்தி நல்லம். நான் குறை சொல்லல்ல. ஆனா டெக்னோலஜிக்கு அவங்க இன்னும் தயாரில்ல. படிப்பறிவில்லாத ஒரு அம்மா சென்சருக்குச் சந்தனம் பூசியிருக்கிறாங்க.” மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். இந்த ‘எங்கட சனம்’ என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. எங்கள் மேல் உரிமை கொண்டாடுகிற எல்லோரும் எங்களைக் குறை சொல்லும்போது மட்டும்தான் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள்.

எழுந்து நின்றேன். மைக் தரவில்லை, எனக்கு மைக் தேவையும் இல்லை.

“அந்த யூசர் நீங்கதான் சார்” என்றேன்.

“என்ன?”

“சென்சருக்குச் சந்தனம் வெச்சது நீங்க. அந்த அக்கா தட்டுத்தான் பிடிச்சாங்க. இன்ஜினியர் பக்கத்துல நின்னு கை தட்டினாரு. எங்க ஆபீஸ் பேஸ்புக் பக்கத்துலயே படம் இருக்கு சார், எல்லாரும் விருப்பம் போட்டிருக்காங்க.”

இன்ஜினியர் தன் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். பணிப்பாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் அவரை மதித்திருப்பேன். அவர் சிரித்தார். “அப்பிடியா? எனக்கு ஞாபகம் இல்லயே. சரி, நாங்க இங்க ஆக்களில பிழை பிடிக்க வரல்ல. சிஸ்டத்தில எங்க குறை எண்டு பாப்பம்.”

இப்படிப் பூசி மெழுகுவதை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் வரை அது ஒரு பெண்ணின் பிழை. அவளுக்கு வயது இருந்தது, படிப்பறிவில்லை என்ற பட்டம் இருந்தது, பார்த்துச் சிரிக்க ஒரு மண்டபம் இருந்தது. அது இவருடைய பிழை என்று தெரிந்த கணத்தில் அது யாருடைய பிழையும் இல்லை, சிஸ்டத்தின் பிழை. ஏன் சார், அந்த அக்காவுக்கு இந்த சிஸ்டத்தை நீங்கள் முன்னாலேயே கொடுத்திருக்கக் கூடாதா? இதையும் கேட்டேன். “பிறகு தனியாப் பேசுவம்” என்றார்கள். தனியாக யாரும் பேசவில்லை. என் ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றி மட்டும் “பார்ப்பம்” என்று ஒரு சொல் வந்தது.

அறிக்கையைத் திருத்தினார்கள். ‘சென்சருக்குள் ஈரம் புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு’ என்று எழுதினார்கள். அக்காவைப் பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்கிற ஒருவர், “வெற்றிதானே மிஸ், இன்னும் ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். என்ன வெற்றி? அக்கா இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்யாத பிழையைக் காகிதத்திலிருந்து எடுத்தார்களே தவிர, அதற்காகக் கொடுத்த தண்டனையை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அறிக்கையில் அவரைப் பற்றி எதுவுமே இல்லையாம், ஆகவே திருத்தவும் எதுவும் இல்லையாம்.

அந்த வாரமே எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரு தகரப் பலகை வந்தது. நல்ல கொட்டை எழுத்தில், அழகான தமிழில்: ‘இக்கருவியில் சந்தனம், குங்குமம் பூசாதீர்.’ தமிழ் மட்டும். திரையில் தமிழ் போட வழியில்லை, நான் எழுதிக் கொடுத்த குறிப்பை அச்சடிக்க ஒப்புதல் இல்லை, இதற்கு மட்டும் எல்லாம் கூடி வந்துவிட்டது. அந்தக் கருவிகளில் எங்கள் பாஷையில் இருக்கிற ஒரே வாசகம் அதுதான். பலகைகளைக் கொண்டுபோய் மாட்ட என்னைத்தான் அனுப்பினார்கள்.

திம்புள்ளத் தொழிற்சாலைக்குப் போனேன். பலகையை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, “அக்காவ எப்ப மேல அனுப்பப் போறீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கென்னா மிஸ், இப்பவே அனுப்பிருவேன்” என்றார் முதலாளி. “அது போனதிலருந்து மாடியில ஒரு நாளும் ஒழுங்கா வேல நடக்கல. ஆனா அவங்க சொல்லித்தானே எறக்கினேன்? அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். நாளைக்கு என்மேல வந்து நிப்பாங்க.”

அங்கேயே போனை எடுத்துப் பணிப்பாளரைக் கூப்பிட்டேன். சத்தத்தை வெளியே விட்டேன், முதலாளியும் கேட்கிறார் என்று முதலிலேயே சொன்னேன். கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டார்.

“சார், அந்த அக்காவை மறுபடி மாடிக்குப் போடலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“அது பெக்டரிட உள்விசயம். நாங்க அதில தலையிட ஏலாது” என்றது குரல்.

“எறக்கச் சொன்னது நீங்கதானே சார்?”

“நாங்க ஆலோசனதான் சொன்னம். யாரைப் போடுறது, யாரை எடுக்கிறது எல்லாம் அவங்கட முடிவு. எங்களுக்கு அதில ஒண்டும் இல்ல.” போன் வைக்கப்பட்டது.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்த வசவை முதலாளியின் முகத்துக்காக விழுங்கினேன். ஒரு வார்த்தை! இறக்குவதற்கு வாய் இருந்தது, ஏற்றுவதற்கு மட்டும் கை கழுவிக்கொள்கிறார். முதலாளி அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் பேசினார். “என்னா மொதலாளி, சாருக்கு அதுல ஒண்ணும் இல்லியாமே?” என்றார். பழைய குரல், அறை முழுக்கக் கேட்கிற குரல். “ஒங்க முடிவுன்னுதான் சொல்றாரு. நீங்களும் இப்பவே அனுப்புறேன்னு சொல்லிட்டீங்க. அப்ப நான் மேல போறேன்.” விளக்குமாற்றைக் கதவில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியேறினார். முதலாளி தடுக்கவில்லை. நான் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மாடிக்குப் போனதும் அக்கா அதை என்னிடமிருந்து வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, “இத அந்த சாரு வீட்டுல கொண்டு போய் மாட்டுங்க” என்றார். நான் அதை மாட்டவில்லை. அது இன்னும் என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அன்றிலிருந்து மாடி அக்காவின் கையில்தான். அடுப்புக்குப் புதுக் கருவியும் வந்துவிட்டது, அதற்கும் அவர் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார். ஆனால் தீபாவளி வந்து போயிற்று, சூப்பவைசர் என்ற பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. நான் கேட்கும்போதெல்லாம், “கொஞ்சம் ஆறட்டும் மிஸ்” என்கிறார். எது ஆறவேண்டும் என்று கேட்டால் வேனைப் பார்க்கப் போய்விடுகிறார். வேலை சூப்பவைசர் வேலை, பதிவில் மட்டும் அவர் இன்றைக்கும் கூட்டித் துடைக்கிறவர்.

கொழும்பிலிருந்து அடிக்கடி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். பணிப்பாளர் கூட்டிக்கொண்டு வந்து, திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்குகிறார். அவர் வருகிற நாட்களில், விருந்தாளிகள் போகும் வரைக்கும் கொஞ்ச நேரம் கீழே இருக்கும்படி அக்காவுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். அக்கா இறங்குவதில்லை.